துப்பாக்கி இல்லாத துப்பாக்கிப் பெட்டி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வாயால் கேட்பதைவிட அது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். சட்டைப்பையில் ஒரு தோட்டா அகப்பட்டாலே ஆளைத் தூக்கி உள்ளே வைக்கிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு, கைத்துப்பாக்கி சேகரிக்கும் ஆசையை வளர்த்துக்கொண்டவன் நான். அதுவும் சாதாரணக் கைத்துப்பாக்கி இல்லை. அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் நூற்றைம்பது வருடங்களுக்கும் முன்னால் அடித்துக்கொண்ட சண்டையில் ராணுவக்காரர்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த சுழல் துப்பாக்கி. தபால்தலை சேர்க்கலாம், பழைய நாணயம் சேர்க்கலாம். எங்கள் மலையில் ஆர்க்கிட் பூவாவது சேர்க்கலாம். என் புத்தி கப்பலேறிப் போனது.

நான் தேயிலை ஃபேக்டரியில் பிட்டர். இலையை உருட்டும் மெஷின், காயவைக்கும் மெஷின், சலிக்கும் மெஷின் எல்லாம் கோளாறு செய்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு மழை நாளில் டிரையர் படுத்துவிட்டது. புதிய பாகம் வரும்வரை வேலை இல்லாமல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் அந்தக் காலத்துச் சுழல் துப்பாக்கியைக் கழற்றி மாட்டுகிற காணொளி வந்தது. அன்றோடு நான் கெட்டேன்.

அதில் தோட்டா கிடையாது. உருளையில் ஆறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் கருமருந்தைக் கொட்டி, ஈய உருண்டையை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் கம்பியால் அழுத்த வேண்டும். பிறகு பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சின்னச் செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடுகிற பொட்டு வெடியேதான், செம்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. சுத்தியல் அதன் தலையில் அடித்தால் பொறி பறந்து மருந்து பற்றும். மறுபடி சுத்தியலைப் பின்னால் இழுத்தால், உள்ளே இருக்கும் கொக்கி ஒன்று உருளையை ஓர் அறை மட்டும் தள்ளிவிட்டு நிற்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பல்சக்கரத்தோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்த ஓர் அறை நகர்வு போதும், மயங்கி விழ.

மருந்து நனைந்தால் அது சுடாது என்பதையும் படித்தேன். அந்தச் சண்டை மழை விடாத எங்கள் மலையில் நடந்திருந்தால் ஒரு ஆள்கூடச் செத்திருக்க மாட்டான். இரண்டு பக்கமும் சளி பிடித்து வீடு திரும்பியிருக்கும்.

கோயில் கமிட்டியில் ஓய்வுபெற்ற போலீஸ் கார்ப்பரல் ஒருவர் இருக்கிறார். என் ஆசையை முதலில் அவரிடம்தான் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த வடையைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, துப்பாக்கியில இருந்த ஒரு ஸ்பிரிங்கு உன் வீட்டுல இருந்தாலும் கத முடிஞ்சுச்சு லா. பொம்மையா இருந்தாக்கூட, பாக்க நெசம் மாதிரி இருந்தா வம்புதான். வேணும்னா படம் பாரு. படத்துக்குக் கேஸ் கெடையாது."

படத்தோடு நிற்கிற ஆளா நான்? துப்பாக்கியைத் தொடக்கூடாது, சரி. துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருந்ததைத் தொடலாமே. இப்படித்தான் என் சேகரிப்பு ஓரத்திலிருந்து ஆரம்பித்தது. செப்புத் தொப்பிகள் இருந்த காலித் தகர டப்பி ஒன்று. மருந்து வைத்திருந்த, நெளிந்த செம்புக் குடுவை ஒன்று. குறடு மாதிரி இருக்கும் உருண்டை வார்க்கிற அச்சு ஒன்று. ஒவ்வொன்றையும் வாங்குவதற்கு முன் கார்ப்பரலிடம் காட்டுவேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "இதுல ஒண்ணும் வெடிக்காது, உன் சம்சாரத்தத் தவிர" என்பார்.

கடைசியாக, ஈப்போவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒரு சீனப் பெரியவரிடம் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். எந்த வெள்ளைக்காரன் கொண்டுவந்து போட்டானோ. கருஞ்சிவப்பு மரம், பித்தளை மூலை. உள்ளே பச்சை வெல்வெட். வெல்வெட்டில் டப்பிக்கு ஒரு பள்ளம், குடுவைக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று. நடுவில் பெரிதாக, குழலும் உருளையும் பிடியுமாக, துப்பாக்கி வடிவத்திலேயே ஒரு குழி.

கடைக்காரர் கையை விரித்தார். "பிஸ்தோல் இல்ல. கோசோங்." காலி என்று அர்த்தம், ரொட்டிக் கடையில் ஒன்றும் போடாத ரொட்டியைக் கேட்க நாம் தினமும் சொல்கிற அதே கோசோங்.

"தெரியும். அதுக்காகத்தான் வாங்குறேன்" என்றேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, நான் மனம் மாறுவதற்குள் பெட்டியை வேகமாகப் பொட்டலம் கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "உள்ள என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததையா ஈப்போ வரைக்கும் போயித் தூக்கிட்டு வந்தீங்க? கேட்டிருந்தா நானே வீட்டுல இருந்து எடுத்துக் குடுத்திருப்பேன்ல."

அவள் பகலில் கொழுந்து எடுக்கிறாள். சாயங்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறாள். எங்கள் வீட்டு முன்னறையில் பாதி அவளுடைய தையல் மெஷின். மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த தட்டில் ஓர் இடம் பிடித்துப் பெட்டியை வைத்தேன். வாரத்தில் ஒரு நாள்தான் திறப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவள் துணி வெட்டிக்கொண்டிருப்பாள், நான் எதிரே உட்கார்ந்து குடுவையைத் துடைப்பேன். துடைக்கத் துடைக்கக் கண் அந்தக் குழிக்குத்தான் போகும்.

துப்பாக்கியே கையில் இருந்திருந்தால் துப்பாக்கியைப் பார்த்திருப்பேன். இல்லாததால் அதை வைத்திருந்த ஆளைப் பார்க்க ஆரம்பித்தேன். பல மாதம் போனபின் ஒன்றைக் கவனித்தேன்: குழல் முனை படுகிற இடத்தில் வெல்வெட் நன்றாகத் தேய்ந்து, அடிமரம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் அவ்வளவு மோசமில்லை. ஆக, அடிக்கடி எடுத்திருக்கிறான். அதுவும் அவசரமாக, முனை உரச எடுத்திருக்கிறான். எதற்கு எடுத்தான்? கடைசியாக எடுத்த நாளில் திரும்பக் கொண்டுவந்து வைத்தானா? அவன் வராமல், பெட்டி மட்டும் வீட்டில் காத்திருந்ததா? இப்படியே யோசித்து யோசித்து எனக்கு அந்த ஆளோடு ஒரு பழக்கமே ஏற்பட்டுவிட்டது. தாடி வைத்தவன், கொஞ்சம் படபடப்பு, பல் வலிக்காரன். பல் வலி ஏன் என்று கேட்காதீர்கள். அந்த வாரம் எனக்கு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். "எதுக்குச் சண்ட போட்டாங்க, அவங்க?"

"மனுசன அடிமையா வாங்கி விக்கலாம்னு ஒரு பக்கம். கூடாதுன்னு ஒரு பக்கம். சுருக்கமா சொன்னா அதான்."

"உங்க பொட்டிக்காரன் எந்தப் பக்கம்?"

இத்தனை நாளும் அவனுக்குத் தாடி வைத்தேன், பல் வலி கொடுத்தேன். பக்கம் மட்டும் கேட்டதில்லை. கேட்காமலே நல்ல பக்கத்தில் நிற்க வைத்திருந்தேன். யாரைக் கேட்டாலும் தன் ஆளை அங்கேதான் நிறுத்துவார்கள். ஆனால் பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கத்துத் துப்பாக்கிக்கும் குழி ஒரே அளவுதான். எங்கள் ஆட்கள் இந்த மலைக்குக் கங்காணி தலையெண்ணிக் கூட்டிவந்தவர்கள். விலைக்கு விற்கப்பட்டவர்கள் இல்லை, உண்மைதான். ஆனால் வருகிறாயா என்று யாரும் சரியாகக் கேட்டதாகவும் தெரியவில்லை. அந்த வம்சத்தில் வந்த நான், எங்கோ ஒரு தோட்டத்துரை தன் அடிமைகளை மிரட்ட வைத்திருந்த துப்பாக்கியின் மெத்தையை ஞாயிறு தவறாமல் தடவிக்கொண்டிருக்கிறேனோ? இது சில வாரம் என்னைக் குடைந்தது. பிறகு என் வழக்கப்படி பதில் தேடுவதை விட்டுவிட்டு, பித்தளையை இன்னும் நன்றாகத் துடைத்தேன்.

அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. நாங்கள் இருக்கும் வீடு எஸ்டேட் வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஆனால் மனைவி இன்னும் சில வருடம் வேலை செய்வாள் என்பதால், அவள் பெயரில் அதே வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். எங்கள் மேனேஜருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். ஆனால் உட்கார்ந்திருப்பது துரை நாற்காலி, அதனால் அவரும் துரைதான். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் பின்கட்டில் புதிதாகச் சௌசௌ கொடிக்குப் பந்தல் போட்டாள்.

ஓய்வுக்கு முந்தைய அந்த வருட ஆயுத பூஜை வந்தது. ஃபேக்டரியில் அன்று மெஷின் ஓடாது. கழுவி, துடைத்து, வேலைக்கு உதவுகிற எல்லாவற்றையும் சாமி முன்னால் பரப்பிவைப்போம். கொழுந்து வெட்டும் கத்திரி, கவ்வாத்துக் கத்தி, ஸ்பேனர், வெல்டிங் செட், மருந்தடிக்கும் பம்பு, வெளியே லோரி. பூசாரி ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வருவார். நான் என் ஸ்பேனர்களோடு பெட்டியையும் கொண்டுபோய்த் திறந்துவைத்தேன். ஆயுத பூஜையில் ஆயுதம் என்ற பெயருக்குப் பொருத்தமாக இந்த ஒன்றாவது இருக்கட்டுமே என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

பூசாரி வந்தார். டப்பிக்கு ஒரு பொட்டு. குடுவைக்கு ஒரு பொட்டு. அச்சுக்கு ஒரு பொட்டு. அடுத்து, குழிக்குள், உருளை இருக்க வேண்டிய இடத்தில், பச்சை வெல்வெட்டின் மேலேயே, குழைத்த சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமத்தையும் வைத்தார்.

"பூசாரியாரே! அங்க ஒண்ணுமே இல்லையே!"

"ஒனக்கு இல்ல. சாமிக்கு இருக்கும்" என்றுவிட்டு அவர் வெல்டிங் செட்டுக்குப் போய்விட்டார்.

அதை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். படத்தில் குழியும் நிழலும் பொட்டும் சேர்ந்து, சற்று முன்புதான் துப்பாக்கியை எடுத்து ஒளித்தமாதிரி இருந்தது. யோசித்துப் பாருங்கள், காலி உறைக்கு யாராவது பொட்டு வைப்பார்களா? செய்தி பக்கத்து ஊரான கம்போங் ராஜாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது என்னிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் அது இரண்டாகியிருந்தது. திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் மனைவியின் தம்பி போன் செய்தான்.

"மச்சான், அந்தக் காலத்துத் தொரை பொதச்சு வச்ச துப்பாக்கி ஒங்க கையில சிக்கிருச்சாமே! இங்க கொரங்குத் தொல்ல தாங்கல. ஒரு நாளைக்குக் குடுங்க லா."

"டேய், துப்பாக்கியே இல்லடா."

"சரி சரி, போன்ல பேச வேணாம்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு வைத்துவிட்டான்.

மறுநாள் துரை கூப்பிட்டனுப்பினார்.

"அங்கிள், அந்தத் துப்பாக்கி எங்க?"

"துப்பாக்கி இல்லைங்க, துரை."

"பெட்டி இருக்கு."

"பெட்டி இருக்குங்க."

"துப்பாக்கி மாதிரியே குழி இருக்கு. கூட வேண்டிய சாமானெல்லாம் இருக்கு. துப்பாக்கி மட்டும் இல்ல?"

"இல்லைங்க."

"காலிப் பெட்டிய யாராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா, அங்கிள்?"

"நான் வாங்குவேங்க, துரை."

வாழ்க்கையில் நான் எத்தனையோ பொய்யை உண்மை மாதிரி சொல்லியிருக்கிறேன். ஓர் உண்மை இவ்வளவு அப்பட்டமான பொய் மாதிரி என் வாயிலிருந்து வந்தது அன்றுதான். துரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"போலீஸுக்கு நான் சொல்லியாகணும். சொல்லலைன்னா என் தல போயிடும். அவங்க வந்து பாத்து ஒண்ணும் இல்லைன்னா, வீட்டு விஷயம் பேசினபடிதான். ஏதாச்சும் கெடச்சா..."

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று புரிந்தது. இருப்பதைக் காட்டுவது எளிது, எடுத்து நீட்டினால் போதும். இல்லாததை எப்படி எடுத்து நீட்டுவது? இத்தனை நாள் நான் ரசித்ததே அந்த இல்லாமையைத்தான். இப்போது அதுவே சௌசௌ பந்தலைப் பிடுங்கப் பார்க்கிறது.

மனைவியிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை. "வரட்டும்" என்றாள். பிறகு எழுந்து திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். "போலீஸு வந்து பாக்குறப்ப வீடு குப்பையாவா கெடக்கும்?"

கார்ப்பரல் வந்து எனக்குப் பாடம் நடத்தினார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஜோக்கு அடிக்காத. நீ அடிக்கிற ஜோக்குக்கே தனியா தண்டன குடுக்கலாம்."

மறுநாள் மத்தியானம் ஒரு மலாய் சார்ஜனும் ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்கள். கண் தெரியாத பனிமூட்டம். ஆனால் லயத்தில் அத்தனை பேருக்கும் அப்போதுதான் துணி காயப்போட வேண்டியிருந்தது. சார்ஜன் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அரிசிப் பானையில் கைவிட்டார்கள். சாமி படங்களுக்குப் பின்னால் மரியாதையாக எட்டிப் பார்த்தார்கள். கூரைப் பலகையைத் தட்டினார்கள். பந்தலுக்கு அடியில் மண்ணைக் கிளறியபோது மனைவியின் முகம் ஒரு கணம் மாறியது. கொடியின் வேர் அது. கான்ஸ்டபிள் கட்டிலுக்கு அடியிலிருந்து, நான் பல மாதமாகத் தேடிய ரிங் ஸ்பேனரைக் கண்டெடுத்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். வாசலில் நின்ற கார்ப்பரல் இருமினார்.

கடைசியில் சார்ஜன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். குழியை விரலால் தடவினார்.

"கோசோங்?"

"கோசோங், துவான்" என்றேன். காலிதான் ஐயா.

காலியான இடத்துக்கு எதற்குச் சிவப்புப் பொட்டு என்று மலாயில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆயுத பூஜை, பூசாரி, சாமிக்கு மட்டும் தெரிவது இதையெல்லாம் என் அரைகுறை மலாயில் விளக்க ஆரம்பித்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. சொல்லச் சொல்ல, ஏதோ ஒரு துப்பாக்கியை நான் நிஜமாகவே எங்கோ புதைத்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்று எனக்கே சந்தேகம் தட்டியது.

அப்போது மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி, தையல் மெஷின் மேலிருந்த நீளமான துணி வெட்டும் கத்திரிக்கோலை எடுத்தாள். எங்களுக்கு நடுவே குனிந்து, அதைக் குழிக்குள் வைத்தாள்.

கச்சிதமாக என்று சொல்ல முடியாது. ஆனால் வளையங்கள் பிடி இருக்கும் இடத்திலும், அலகுகள் குழல் இருக்கும் இடத்திலும் போய்ப் படுத்தன. பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி. இது என் கத்திரிக்கோல், தினமும் இதில்தான் வைப்பேன் என்று மலாயில் சொன்னாள். அவள் மலாய் என்னுடையதைவிட நல்ல மலாய்.

சார்ஜன் குனிந்து பார்த்தார். வெல்வெட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் நூல் ஒன்றை எடுத்தார். பின்னர் ஒரு சிவப்பு நூல். பிறகு கத்திரிக்கோலின் திருகாணியைப் பார்த்தார். அதில் ஒரு குங்குமப் பொட்டு. கத்திரிக்கோலைத் தூக்கினார், அதற்கு நேர் அடியில் வெல்வெட்டில் ஒரு பொட்டு. கீழே வைத்தார், தூக்கினார், மறுபடி வைத்தார். அவர் முகம் தெளிந்தது. பூஜை செய்தது கத்திரிக்கோலுக்கு, அதன் பொட்டுத்தான் கீழே ஒட்டியிருக்கிறது என்று கான்ஸ்டபிளுக்கு விளக்கிப் படம் எடுக்கச் சொன்னார்.

அது தப்பு. பூஜையன்று பெட்டி ஃபேக்டரியில் இருந்தது. கத்திரிக்கோல் வீட்டில், தையல் மெஷினோடு சேர்ந்து, மனைவி கையால் பொட்டு வாங்கிக்கொண்டது. இரண்டு பொட்டும் இரண்டு இடத்தில் இரண்டு பேர் வைத்தவை. அன்று அந்தக் கத்திரிக்கோல் குழிக்குள் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பிட்டர் புத்தி, பிழையைக் கண்டால் வாய் தானாகத் திறக்கும். திறந்தேன். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன். நான் முழு உண்மையைச் சொல்லியும் நம்பாத ஊர், ஒரு தவறான பொட்டைப் பார்த்து உண்மையை நம்பியது. அதைத் திருத்த நான் யார்?

சார்ஜன் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். இனி இந்தப் பெட்டியைத் திறந்து ஊருக்குக் காட்ட வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் தைப்பீர்களா, தன் வீட்டுக்காரிக்கு ஒன்று வேண்டும் என்று அவளிடம் கேட்டார். அவர் கிளம்பியதும் லயத்தில் துணி காயப்போட்டவர்கள் ஈரத் துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு உள்ளே போனார்கள். சாயங்காலம் துரை போன் செய்து, வீடு பேசினபடிதான் என்றார். மனைவி முதல் வேலையாகப் பின்கட்டுக்குப் போய்க் கொடியின் வேருக்கு மண் அணைத்துவிட்டு வந்தாள்.

அவள் மறுபடி தைக்க உட்கார்ந்ததும் நான் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மஞ்சள் நூல், சிவப்பு நூல். அவள் சார்ஜனுக்காகக் கதை கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கத்திரிக்கோல் அவள் கையில் இருந்தது, அதனால் குழி காலியாக இருந்தது. மற்ற நாளெல்லாம் அது நிறைந்தேதான் இருந்திருக்கிறது.

கத்திரிக்கோலை எடுத்து, அவள் எடுக்கிற வேகத்தில், குழியிலிருந்து ஒருமுறை உருவிப் பார்த்தேன். அலகின் முனை, வெல்வெட் தேய்ந்து மரம் தெரிகிற அதே இடத்தில் உரசிக்கொண்டு வந்தது. அவசரமாக எடுத்தவன், தாடிக்காரன், படபடப்புக்காரன், எந்தப் பக்கம் என்று தெரியாமல் என்னைச் சில வாரம் தூங்கவிடாதவன்! அவனைத் தேடி நான் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். எடுத்தவளோ இங்கே நாலடி தூரத்தில் யாரோ ஒருத்தியின் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இத்தன நாளா இதுலயா கத்திரிக்கோல வச்சிருந்த? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"சும்மாதான கெடந்துச்சு."